மாமா முகம் மடங்காமல் இருக்க

கேள்வி: கல்யாணப் படத்தை 12க்கு 18 அங்குலக் கேன்வாஸில் போட்டோம். ஓரத்தில் நின்ற மாமாவின் பாதி முகம் பக்கவாட்டில் மடங்கிவிட்டது. அடுத்த படத்துக்கு என்ன செய்வது?

பதில்: முதலில் மரச்சட்டத்தின் கனத்தைக் கேளுங்கள். ஒன்றரை அங்குலம் என்றால், பக்கத்தை மூட அவ்வளவு, பின்னால் மடித்து ஸ்டேப்ளர் அடிக்க இன்னொரு அரை. நாலு பக்கமும் 2 அங்குலம் கூட்டினால் ஃபைல் 16க்கு 22. படத்தில் அவ்வளவு இடம் இல்லையா? ஓரப் பட்டையை நகலெடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி ஒட்டலாம். வானம், சுவர், புல்வெளிக்கு அது போதும். ஓரத்தில் ஆள் நின்றால் கூடவே கூடாது. மாமாவுக்கு நாலு கை முளைத்துவிடும். அங்கே படத்திலிருந்தே ஓர் அடர்நிறத்தை எடுத்துப் பூசுவதுதான் அழகு. சில கடைகளில் மடிப்பை அவர்களே சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுக் கொடுங்கள்.