முருகைக்கல்லில் முளைப்பதெல்லாம் எமன் அல்ல

நம்மூர் சிலாபத்தில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். கைப்பிடி அளவு முருகை. பாதி பழுப்பு, பாதி எலும்பு வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் பச்சை மயிர், ஓர் ஊதாத் தழும்பு, நகக்கண் அளவில் கண்ணாடிப் பூ ஒன்று. “இதில எது திங்குது? எதைச் சுரண்டுறது?” என்று கேட்டிருந்தார். (நம் கடலிலிருந்து உயிருள்ள முருகையைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம். கடையில் வாங்கியது என்றார். நான் மேற்கொண்டு கிளறவில்லை.)

நம்பிக்கை: செத்த இடத்தில் முளைத்ததுதான் கொன்றது.

பெரும்பாலும் தலைகீழ். உயிருள்ள முருகை தன் சளியாலும் கொட்டும் உணரிகளாலும் மேலே எதையும் எளிதில் ஒட்டவிடாது. தசை போன பிறகு மிஞ்சும் சுண்ணாம்பில்தான் பாசி குடியேறும், ஆளில்லா வீட்டு முற்றத்தில் புல் ஏறுவதைப் போல. நமக்கு வடக்கே, கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் 1992இல் கடற் சரணாலயமானது. 1998இல் எல் நினோ வெப்பம் வந்து, ஆழம் குறைந்த இடங்களில் இருந்த முருகைகளை வெளுக்கவைத்துக் கிட்டத்தட்ட முழுவதுமாய் அழித்தது. பல ஆண்டுகள் எடுத்துத் தளிர்த்ததை 2016 வெப்பம் மறுபடி சாய்த்தது. அங்கே கொன்றது பாசி அல்ல, சூடு.

தொட்டியிலும் முதலில் பார்க்கவேண்டியது தண்ணீரைத்தான். “கடற்கரையில் அள்ளின அசல் தண்ணிதானே!” என்பார்கள். தெதுறு ஓயா கடலில் விழுவது நம்மூர் அருகில். மழைக்காலத்தில் கரையோரத் தண்ணீரில் உப்பு குறையும், வயல் உரமும் சேறும் கூடும். உப்பை அளக்காமல், நைட்ரேட், பொஸ்பேட் பார்க்காமல் கேன் கேனாக ஊற்றினால் பாசிக்கு விருந்துதான்.

நம்பிக்கை: வெளுத்தால் செத்தது.

வெளுப்பு என்பது உள்ளே குடியிருந்த நுண்பாசி வெளியேறியது மட்டுமே. இரவில் டோர்ச் அடித்துப் பாருங்கள்: கண்ணாடிபோன்ற உணரிகள் நீட்டிக்கொண்டிருந்தால் உயிர் இருக்கிறது. பச்சை மயிர் படர்ந்த பகுதி மட்டும் போய்விட்டது.

நம்பிக்கை: ஊதாத் தழும்பு நோய்.

அது சுண்ணாம்புப் பாசி. கல்லோடு கல்லாய் ஒட்டி வளரும். கடலில் முருகைக் குஞ்சுகள் வந்து ஒட்ட விரும்பும் இடமும் அதுதான். விட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: கண்ணாடிப் பூவை நசுக்கினால் தீர்ந்தது.

ஐப்டேசியா என்னும் கடல் சாமந்தி இது. பக்கத்திலுள்ள முருகையைக் கொட்டும் உண்மையான தொல்லைக்காரன். ஆனால் நசுக்கினால் ஒட்டியிருந்த அடித்தசையின் துணுக்குகளிலிருந்து புதிதாய்ப் பல முளைக்கும். கெட்டியான சுண்ணாம்புக் கரைசலை ஊசியால் வாய்க்குள் செலுத்துவது ஒரு வழி. பெப்பர்மின்ட் இறால் விடுவது இன்னொரு வழி. கடையில் அதன் பெயரில் கூன் முதுகு ஒட்டக இறாலையும் தருவார்கள். அது முருகையையே கொறிக்கும். இறாலுக்குப் பேர்போன ஊர்க்காரர் ஏமாறலாமா?

நம்பிக்கை: கொதிக்க வைத்தால் எல்லாம் சாகும்.

நண்பர் கடைசியாகக் கேட்டது இதுதான். படித்ததும் உடனே தொலைபேசியில் அழைத்தேன். கல்லில் பொத்தான் பொத்தானாய்ப் படர்கிற உயிர்களில் பாலித்தோவா என்ற இனம் பாலிடொக்சின் எனும் கொடிய நஞ்சைச் சுமந்திருக்கலாம். கொதித்தாலும் அது அழிவதில்லை. கல்லில் கொதிநீர் ஊற்றி, ஆவியைச் சுவாசித்து, மூச்சுத்திணறலோடு மருத்துவமனை போனவர்களின் கதை மருத்துவ இதழ்களில் உண்டு. 2018இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்பர்ட்ஷயரில், தொட்டி முருகையைச் சுத்தம் செய்யப் போய் ஒரு குடும்பமே மருத்துவமனையில் சேர்ந்தது.

பொத்தான் கண்டால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். உலர்ந்த நிலையில் சுரண்டவேண்டாம். குசினி அடுப்பில் அந்தக் கல்லை ஒருபோதும் ஏற்றாதீர்கள்.