காக்கியைக் கழற்றும் கணக்கு: 50-க்குப் பிறகா, 60-லா?

ஆனி மாதம் வந்தால் நெல்லையப்பர் தேரோட்ட பந்தோபஸ்து. அதே ஆனியில்தான் சேரன்மகாதேவிப் பக்கம் கார் நடவுக்கு ஆள் தேடுவார்கள். ரதவீதியில் வெயிலில் நிற்கும் ஏட்டையாக்களுக்கு அந்த நேரத்தில்தான் இந்தப் பேச்சு வரும்: "வி.ஆர்.எஸ். கொடுத்துட்டு வயலப் பாக்கலாமா, அண்ணாச்சி?"

2020 மே மாதம் வரை நம் மாநிலத்தில் ஓய்வு வயது 58. கொரோனா நேரத்தில் அது 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தார்கள். ஆரியங்காவைத் தாண்டினால், பழைய ஓய்வூதியத்தில் இருக்கும் கேரளக் காவலர் 56-லேயே வீட்டுக்குப் போகிறார். அமெரிக்க மத்திய அரசின் சிறைக் காவலர்களுக்குப் பொதுவாக 57 தான் வரம்பு. ஓடிப் பிடிக்கிற, மல்லுக்கட்டுகிற வேலை என்பது அங்கே சொல்லும் காரணம். இங்கே மேசையில் இருக்கும் எழுத்தருக்கும் லத்தியோடு நிற்பவருக்கும் ஒரே வயதுதான். அதனால் முன்கூட்டிப் போகும் முடிவு அவரவர் தலையில் விழுகிறது.

விதி எளிது. 50 வயது ஆகியிருந்தாலோ, 20 ஆண்டு தகுதிப் பணி முடிந்திருந்தாலோ, 3 மாத முன்னறிவிப்பு கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம். 3(பி) குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் (சிறைத் துறையில் 17(பி)) அது முடியாமல் எழுதிக் கொடுத்துப் பயனில்லை.

மற்ற எதையும் பார்க்குமுன் பணியில் சேர்ந்த தேதியைப் பாருங்கள். 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம்: 30 ஆண்டு தகுதிப் பணிக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி. விருப்ப ஓய்வில் போகிறவருக்கு வயதைப் பொறுத்து அதிகபட்சம் 5 ஆண்டு வரை கூட்டிக் கணக்கிடும் சலுகையும் உண்டு. 1976-இல் பிறந்து 1999-இல் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 27 ஆண்டு பணி, சலுகையோடு 30-ஐத் தொட்டுவிடுகிறார். இன்னும் 10 வருடம் இருந்தாலும் அந்தப் 'பாதி' பாதிதான். ஏறப்போவது சம்பளம், அதோடு எஸ்.எஸ்.ஐ. போன்ற உயர்வு. உயர்வு அடுத்த வருடம் வரும் என்றால் காத்திருங்கள். வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது, முழங்கால் மட்டும் மக்கர் செய்கிறது என்றால், வி.ஆர்.எஸ். கொடுப்பதில் தப்பே இல்லை என்பேன்.

2003-க்குப் பின் சேர்ந்தவர் கதை வேறு. மாதம் 10 விழுக்காடு பிடித்தம், அரசும் அதே அளவு போடும் பங்களிப்புத் திட்டம் அவருடையது. 2026 ஜனவரியில் அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் கடைசிச் சம்பளத்தில் பாதி என்கிறது. ஆனால் இடையில் போகிறவருக்கு என்ன என்பதை ஆணையை வரி வரியாகப் படித்த பிறகே முடிவு செய்யுங்கள். டீக்கடைக் கணக்கை நம்பி எழுதிக் கொடுக்கிற வேலை வேண்டாம். என்னைக் கேட்டால், இவர் இப்போதைக்கு இருப்பதே மேல்.

வேலையின் தன்மையும் ஒன்றல்ல. மணிமுத்தாறு பட்டாலியன்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். 55-ல் அந்தப் பெட்டி கனக்கும். பாளையங்கோட்டை மத்திய சிறையில் அலைச்சல் குறைவு, ராத்திரிக் கண்விழிப்பு அதிகம். தூக்கமும் சர்க்கரையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று தெரிந்தவர் அதையும் கணக்கில் சேர்ப்பார். ஸ்டேஷனில் ரைட்டராக இருப்பவருக்கோ 60 வரை ஓட்டுவது பெரிய பாடில்லை.

போலீஸ் குவார்ட்டர்ஸை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஓய்வு பெற்றால் அதைக் காலி செய்ய வேண்டும். பிள்ளை பிளஸ் டூ படிக்கும் வருடத்தில் அப்பா விருப்ப ஓய்வு வாங்கி, நடுவில் வாடகை வீடு தேடி அலைந்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

எழுதிக் கொடுக்குமுன் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறந்த தேதி, ஈட்டிய விடுப்பு இருப்பு, சம்பளமில்லா விடுப்பு மூன்றும் சரியாக ஏறியிருக்கிறதா? ஈட்டிய விடுப்பை 240 நாள் வரைதான் காசாக்கலாம். இயல்பான ஓய்வுக்குக் காத்திருப்பவர், மாதத்தின் 1-ஆம் தேதி பிறந்திருந்தால், முந்தைய மாதக் கடைசி நாளிலேயே வீட்டுக்கு வந்துவிடுவார். வி.ஆர்.எஸ். கொடுத்துவிட்டு மனம் மாறினால், அந்த 3 மாதம் முடியுமுன், மேலதிகாரி ஒப்புதலோடு திரும்பப் பெறலாம். அதற்குள் கார் பயிர் அறுப்பை நெருங்கியிருக்கும்.