நேர்த்தொலைவும் பயண நேரமும்

சேலத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஒருவர் 340 கிலோமீட்டர் என்பார். மற்றொருவர் 265 என்பார். இரண்டும் சரியே. முன்னவர் சாலையை அளந்தவர். பின்னவர், கமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே பூமியின் மேற்பரப்பில் அமையும் மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டவர். இதனைப் பெருவட்ட வழி என்பர். உலகப்படத்தில் வில்போல் வளைந்து தோன்றும் நெடுந்தூர விமானப் பாதைகளும் உருண்டையின்மேல் ஏறத்தாழ இத்தகைய நேர்வழிகளே.

இனி நேரத்துக்கு வருவோம். இத்தடத்தில் 2018இலும், சிறிது இடைவெளிக்குப் பின் 2023இலும் விமானச் சேவை தொடங்கப்பெற்றது. இதில் பறந்த ஏ.டி.ஆர். 72 விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்லவல்லது. 265ஐ 500ஆல் வகுத்தால் 32 நிமிடம். ஆனால் கால அட்டவணையோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்கிறது! எஞ்சிய நேரம் எங்கே போயிற்று? விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல் மறு நிலையத்தில் வந்து நிற்பது வரை அட்டவணை கணக்கிடுகிறது. தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடைய வேண்டும். மேலேறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் இராது. காற்றை எதிர்த்து இறங்குவதற்காகச் சுற்றியும் வர நேரும். குறுகிய பயணத்தில் இவையே பெரும்பங்கைத் தின்றுவிடுகின்றன.

நம் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பார்த்தால் கணக்கு இன்னும் வேடிக்கையானது. இங்கிருந்து சென்னைக்கு நேர்த்தொலைவு ஏறத்தாழ 275 கிலோமீட்டர். இராசிபுரம், சேலம் வழியாக 70 கிலோமீட்டர் போல் சென்று கமலாபுரத்தை அடைந்தால் 265. இரண்டு மணி நேரம் பயணம் செய்து நாம் சென்னையை நெருங்கியது பத்தே கிலோமீட்டர்! விமான நிலையத்தில் காத்திருக்கும் ஒரு மணி, பறக்கும் ஒரு மணி, வெளியே வர அரை மணி, ஆக நாலரை மணி. காரில் சென்றால் ஆறு, ஏழு மணி ஆகும். மிச்சம் உண்டுதான். ஆயினும் விமானம் புறப்படும் வேளை ஒத்துவராவிட்டால், காலை நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவனுக்கு இரவுப் பேருந்தே கதி.

மலைமேல் வாழ்வோர் நிலை இதனினும் கடிது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். இவ்வளவு வளைவு எதற்கு? மேலே செல்ல ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற வேண்டும். இருபது மீட்டர் ஓடி ஒரு மீட்டர் உயரும் சரிவில் சாலை அமைப்பதாகக் கொண்டால் அதன் நீளம் 20 கிலோமீட்டர் ஆகிவிடும். நேரே போட்டால் பேருந்து ஏறாது. நோயாளியைக் கீழே கொண்டுவருவோருக்கு அந்த வளைவுகள்தாம் தூரம். நேர்த்தொலைவு எதற்கும் உதவாது.

கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி 2010இல் மத்திய அரசு வகுத்த விதிகளில் இது கருதப்பட்டுள்ளது. தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்னும் அவ்விதி, நடந்து செல்லும் தொலைவையே குறிக்கிறது. கடினமான நிலப்பகுதிகளில் அந்த எல்லையை மேலும் குறைக்கவும் இடம் தருகிறது. பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் பள்ளிக் கூரை கண்ணுக்குத் தெரியலாம். பிள்ளை இறங்கி ஏறி நடக்கும் வழியைத்தான் அளக்க வேண்டும்.