வீட்டின் கடைசி அறை வரை

அன்று வீட்டிலிருந்து கற்கும் நாள். உயர்நிலை மூன்றில் படிக்கும் அக்கா, இணையவழித் தமிழ் வகுப்பில் மூன்று நிமிடம் பேச வேண்டியிருந்தது. ஒரு வாரமாகக் கண்ணாடிமுன் நின்று பேசிப் பழகியிருந்தாள். அவளுடைய முறை வந்தது. வணக்கம் கூறி இரண்டு வாக்கியங்கள் பேசுவதற்குள் திரையில் ஆசிரியரின் முகம் அசையாமல் நின்றுவிட்டது. "உன் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறதம்மா. அடுத்தவர் பேசட்டும், நீ பிறகு பேசு" என்ற குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. அந்தப் 'பிறகு' அன்று வரவில்லை. வகுப்பு நேரம் முடிந்துவிட்டது.

அப்பாவிடம் சொன்னபோது, "இன்னும் வேகமான இணையத் திட்டத்திற்கு மாறிவிடலாமா?" என்று கேட்டார். பலரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால், வரவேற்பறையில் தம்பி அதே நேரத்தில் தடையே இல்லாமல் காணொளி பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் வரும் இணையம் போதுமான வேகத்தில்தான் வந்தது. அது கடைசி அறையைச் சென்றடையவில்லை.

அவர்கள் வசிப்பது ஒரு வீவக அடுக்குமாடி வீடு. இணைய நிறுவனத்தின் கண்ணாடி இழைக் கம்பி வரவேற்பறையின் மூலையில் வந்து முடிகிறது. ரூட்டர் என்று எல்லாரும் அழைக்கும் திசைவியும் அங்கேதான், தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து அக்காவின் அறைக்கு வரும் வழியில் 'பாம் ஷெல்டர்' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் புகலறை நிற்கிறது. 1997இல் இயற்றப்பட்ட குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டத்திற்குப் பின் கட்டப்பட்ட பெரும்பாலான வீவக வீடுகளில் இத்தகைய அறை உண்டு. இரும்புக் கம்பிகள் பின்னிய தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. ஆபத்துக் காலத்தில் உயிர்காக்கும் அந்தச் சுவர், சாதாரண நாள்களில் வைஃபை அலைகளையும் தடுத்துவிடுகிறது.

வைஃபை என்பது வானொலி அலைதான். வீட்டுத் திசைவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முன்னது மெதுவானது, ஆனால் சுவர்களைக் கடந்து சற்றுத் தொலைவு செல்லும். பின்னது வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் விரைவில் வலுவிழக்கும். கான்கிரீட் மட்டுமன்றி, குளிர்பதனப் பெட்டி, பெரிய மீன்தொட்டி, நிலைக்கண்ணாடி ஆகியவையும் அலைகளை விழுங்கவோ திருப்பிவிடவோ செய்யும். அக்கா கைப்பேசியை ஏந்தியபடி வீடு முழுவதும் நடந்து பார்த்தாள். வரவேற்பறையில் நான்கு கோடுகள் காட்டிய அடையாளம், புகலறையைத் தாண்டியதும் இரண்டானது. அவளுடைய மேசையருகே ஒன்றாகிவிட்டது.

இணைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது நிறுவனம் புதிய திசைவி ஒன்றைத் தந்திருந்தது. பழையது அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. "அக்கா, அதையும் மாட்டிவிட்டால் இரண்டாகிவிடுமே!" என்றான் தம்பி. நல்ல யோசனைதான். இருவரும் நீளமான கணினிக் கம்பி ஒன்றை வாங்கிவந்தனர். அதன் ஒரு முனையைப் புதிய திசைவியிலும் மறுமுனையைப் பழைய திசைவியிலும் செருகி, பழையதை அக்காவின் அறையில் வைத்தனர். விளக்குகள் எரிந்தன. தம்பி கைதட்டினான்.

பத்து நிமிடங்களில் பாட்டி கூப்பிட்டார். ஈப்போவில் இருக்கும் தம் தங்கையுடன் காணொளியில் பேசிக்கொண்டிருந்தபோது அழைப்பு அறுந்துவிட்டதாம். "நீங்கள் இரண்டு பேரும் என்னடா செய்தீர்கள்?" என்றார். சிறிது நேரத்தில் அப்பாவின் மடிக்கணினியிலும் இணையம் போயிற்று. ஓர் அறையில் மட்டும் இருந்த சிக்கல் வீடு முழுவதும் பரவியது.

என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, திசைவி செய்யும் வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது வைஃபை அலையை மட்டும் அனுப்புவதில்லை. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்முகவரியை வழங்குகிறது. 'டிஎச்சிபி' என்பது அந்த வேலையின் பெயர். வெளியுலகிற்குச் செல்லும் வாசலாக இருப்பதும் திசைவியே. அந்த வாசலுக்கும் 192.168.1.1 போன்ற ஒரு முகவரி உண்டு. அந்த வீட்டிலிருந்த இரண்டு திசைவிகளும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இதே முகவரியோடு வந்தவை.

ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் வீட்டு எண் கொடுக்க இரண்டு அலுவலகங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஒன்று கொடுத்த எண்ணையே மற்றொன்று வேறொரு வீட்டுக்கும் கொடுக்கிறது. அஞ்சல்காரர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? அதோடு, அந்த இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே முகவரி. பாட்டியின் கைப்பேசி 192.168.1.1 எனும் வாசலைத் தேடியபோது, இணையத்தோடு இணைப்பே இல்லாத பழைய திசைவி "நான்தான் வாசல்" என்று பதில் சொல்லியிருக்கிறது. கைப்பேசியும் அதை நம்பிவிட்டது.

ஆகவே, இரண்டு திசைவிகளை இணைக்கும்போது ஒன்றுதான் திசைவியாக இருக்க வேண்டும். மற்றொன்று தன் அதிகாரங்களை விட்டுவிட்டு, வைஃபை அலையை மட்டும் தரும் அணுகுமுனையாக மாற வேண்டும். அண்மைக்காலக் கருவிகள் பலவற்றில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு; அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், கருவியே மற்ற மாற்றங்களைச் செய்துகொள்ளும். அலமாரியிலிருந்து எடுத்த கருவியில் அந்த வசதி இல்லை. எனவே அக்கா ஒவ்வொன்றாக மாற்றினாள்.

முதலில் இரண்டையும் இணைத்த கம்பியைக் கழற்றினாள். வீட்டில் இணையம் உடனே திரும்பியது; பாட்டி மீண்டும் ஈப்போவை அழைத்தார். பிறகு பழைய திசைவியுடன் தன் மடிக்கணினியை மட்டும் ஒரு சிறிய கம்பியால் இணைத்து, உலாவியில் 192.168.1.1 என்று தட்டச்சு செய்தாள். அமைப்புப் பக்கம் திறந்தது. அங்கே பழைய திசைவியின் முகவரியை 192.168.1.2 என மாற்றினாள். புதிய திசைவி 192.168.1.100இலிருந்துதான் கருவிகளுக்கு முகவரி வழங்குகிறது என்பதை முன்பே பார்த்து வைத்திருந்ததால், இந்த எண் யாருக்கும் போகாது என்று அவளுக்குத் தெரியும். சேமித்தவுடன் பக்கம் மறைந்துவிட்டது. தம்பி, "கெட்டுவிட்டதா?" என்று பதறினான். கெடவில்லை, புதிய எண்ணைத் தட்டச்சு செய்ததும் அதே பக்கம் திரும்பி வந்தது.

அடுத்து வைஃபையின் பெயர், மறைச்சொல், பாதுகாப்பு முறை ஆகியவற்றைப் புதிய திசைவியில் உள்ளவாறே எழுத்துப் பிசகாமல் அமைத்தாள். பெயர் ஒன்றாக இருந்தால்தான் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடக்கும்போது கைப்பேசி தானாகவே அருகிலுள்ளதற்கு மாறும். இதில் ஒன்று மட்டும் வேறுபட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. புதியது 1ஆம் தடத்தில் இருந்ததால் பழையதை 11க்கு மாற்றினாள். ஒரே தடத்தில் இரண்டும் இருந்தால், ஒரே வகுப்பறையில் இருவர் பேசுவதுபோல் ஒன்று முடியும்வரை மற்றொன்று காத்திருக்க நேரும்.

டிஎச்சிபியை நிறுத்தும் வேலையைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். இந்த வரிசை முக்கியம். அதை முதலிலேயே நிறுத்திவிட்டால், மடிக்கணினிக்கு முகவரி கொடுக்க ஆளில்லாமல் போய், அமைப்புப் பக்கத்திற்குள் நுழைவதே கடினமாகிவிடும்.

எஞ்சியது கம்பி. திசைவியின் பின்புறத்தில் பெரும்பாலும் 'லேன்' என்று குறிக்கப்பட்ட சில துளைகளும், தனி நிறத்தில் 'இன்டர்நெட்' அல்லது 'வேன்' என்று குறிக்கப்பட்ட ஒரு துளையும் இருக்கும். இப்போது கம்பியின் இரு முனைகளும் லேன் துளைகளில்தான் செருகப்பட வேண்டும். பழைய திசைவியின் தனித்துளை காலியாகவே இருக்கும். புகலறைச் சுவரை ஊடுருவித் துளையிட விதிமுறை இடம்தராது என்பதால், கம்பியைச் சுவரோரமாகச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பாட்டியின் கால் தடுக்கக்கூடாது என்று அப்பா அதை டிரங்கிங் பட்டைக்குள் மறைத்து ஒட்டினார். இப்படிச் சுற்றிவருவதால் வேகம் குறைந்துவிடாது. இவ்வகைக் கம்பி 100 மீட்டர் வரை நன்றாகவே வேலை செய்யும்.

கம்பி இழுக்கவே முடியாத வீடுகளும் உண்டு. அங்கே அலையை வாங்கி மறுபடியும் அனுப்பும் பெருக்கியைப் பயன்படுத்தலாம். ஆனால், ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே அனுப்பும் பெருக்கியில் ஒவ்வொரு தகவலும் இரண்டு முறை பயணம் செய்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, அலை எட்டாத அறையிலேயே அதை வைப்பது. கிடைக்காத அலையை அது எப்படிப் பெருக்கும்? அலை இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில்தான் அதை வைக்க வேண்டும். பழைய கருவியைப் பயன்படுத்துபவர்கள் அதன் மென்பொருளையும் புதுப்பித்துக்கொள்வது நல்லது. நிறுவனம் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்ட கருவி என்றால் அலமாரியிலேயே இருக்கட்டும்.

அக்காவின் மேசையருகே இப்போது நான்கு கோடுகள். பழைய திசைவியின் துளைகள் வினாடிக்கு 100 மெகாபிட்டுக்குமேல் தராதவை; வரவேற்பறையின் வேகம் இங்கே இல்லை. காணொளி வகுப்புக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும்.

அடுத்த முறை வீட்டிலிருந்து கற்கும் நாளில் ஆசிரியர் அவளை முதலில் அழைத்தார். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது, கைப்பேசியில் ஈப்போத் தங்கையின் முகத்தோடு வரவேற்பறையிலிருந்து நடந்துவந்த பாட்டி, அறை வாசலில் நின்றார். படம் ஒரு நொடி நின்று மீண்டும் அசைந்தது. "சத்தம் போடாதே, பேத்தி பேசுகிறாள்" என்று தங்கையிடம் கிசுகிசுத்துவிட்டு, அங்கேயே நின்று கேட்டார்.