மடக்கு மூலைமட்டம் வாங்கும் முறை

சங்கக் கொள்முதலில் நூலும் சாயமும் உரமும் விதையும் முன்னே நிற்கின்றன. தச்சுக் கருவிகளோ பெரும்பாலும் ‘இதர செலவு’ என்னும் தலைப்பின் கீழ் மறைந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்றான மடக்கு மூலைமட்டத்தைப் பற்றி இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு.

ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், அங்கத்தினர் ஒருவரின் கூலியில் தொடர்ந்து மூன்று மாதம் பிடித்தம் செய்யப்பட்டிருந்தது. ‘ஊடை சாய்வு’ என்று பேரேட்டில் காரணம் எழுதியிருந்தார்கள். அவரைக் கேட்டபோது, “அய்யா, இருபது வருஷமாக நெய்கிறேன், புதுத் தறியில் உட்கார்ந்த பிறகுதான் இந்தக் கோணல்” என்றார். தறிச் சட்டம் 150 சென்டிமீட்டர் நீளமும் 120 சென்டிமீட்டர் அகலமும் உடையது. நாடாவினால் அதன் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தோம். ஒன்றுக்கு மற்றொன்று ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீண்டிருந்தது. சட்டம் சதுரமின்றிக் கோணியிருந்தால் பாவு உருளையும் படமரமும் ஒன்றுக்கொன்று இணையாக நில்லா. பாவின் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தளரும். நெய்பவர் எத்துணைத் தேர்ச்சி உடையவராயினும் ஊடை நேராக விழாது.

அத்தறியை மூட்டிய ஆசாரியார் கைத்திறன் மிக்கவர். பிழை அவரிடம் இல்லை. சங்கம் வாங்கிக் கொடுத்த மடக்கு மூலைமட்டத்தில் இருந்தது.

பட்டறை மேசையில் இழைக்கும் சிறு வேலைக்கு, மரக்கைப்பிடியில் எஃகுத் தகடு பதித்த பழைய மூலைமட்டமே சிறந்தது. ஆனால் தறிச் சட்டம், கிடங்கின் கதவு, விளைபொருள் அடுக்கும் மரத்தட்டு முதலிய பெரிய வேலைகளுக்கு 60 சென்டிமீட்டர் கையேனும் உடைய மட்டம் வேண்டும். ஊர் ஊராகச் செல்லும் ஆசாரியாரின் பையில் அது அடங்காது. வண்டியில் கட்டினால் அடிபட்டு வளையும். ஆதலின் மடக்குமட்டம் பயனுள்ளதே. எனினும் எங்கே மடங்குகிறதோ அங்கேதான் அது கெடவும் செய்கிறது.

இதனைச் சிறு கணக்கால் விளக்கலாம். இரண்டே கைகள் உடைய மட்டத்தில், கீலிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிப் பூட்டுமுளை இருப்பதாகக் கொள்வோம். முளைத் துளை தேய்ந்து 0.2 மில்லிமீட்டர் இடம் கொடுத்தாலும், 60 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள நுனியில் அது பன்னிரண்டு மடங்காகி 2.4 மில்லிமீட்டர் ஆகும். மாறாக, மூன்றாவது கை ஒன்று குறுக்கே சென்று இரு கைகளின் நுனிகளையும் பிணைத்து முக்கோணமாக்கும் வகையும் உண்டு. அதிலே துளையின் தேய்வு பெருகாமல் ஏறத்தாழ அந்த அளவிலேயே நின்றுவிடும். ஆகவே பூட்டு கீலுக்கு அருகிலா, தொலைவிலா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். என் கருத்தில், முதல் வகை எத்துணை மலிவாயினும் தறி வேலைக்கு வேண்டுவதில்லை.

அடுத்தது உலோகம். அலுமினியம் இலேசானது, செந்துரு ஏறாதது; ஆனால் மென்மையானது. எஃகுமுளை நேரே அலுமினியத் துளையில் உராய்ந்தால் துளை நாளடைவில் நீள்வட்டமாகிவிடும். துளைக்குள் எஃகுப் புஷ் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். தட்டி அடைத்த ரிவெட்டு தளர்ந்தால் இறுக்க வழியில்லை. போல்ட்டும் நட்டும் உள்ள கீலைத் திருகி இறுக்கிக்கொள்ளலாம். எழுத்தும் கோடும் உலோகத்திலேயே செதுக்கப்பட்டிருத்தல் நலம். மேற்பூசிய வர்ணம் விரைவில் தேய்ந்துபோகும். மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956இலேயே வந்தது. இருந்தும் மரக்கடையிலும் பட்டறையிலும் அடியும் அங்குலமும் இன்னும் பேச்சில் வாழ்கின்றன. இரண்டு அளவும் பொறித்த மட்டத்தை வாங்குவதில் தவறில்லை.

கடையிலேயே சோதிப்பதற்கு நேரான விளிம்புடைய பலகையும் கூரிய பென்சிலும் போதும். ஒரு கையை விளிம்பில் பொருத்தி, மறுகையை ஒட்டிக் கோடு கிழியுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே அடிப்புள்ளியிலிருந்து மீண்டும் கிழியுங்கள். கோடுகள் ஒன்றினால் மட்டம் சரி. 30 சென்டிமீட்டர் உயரத்தில் அவை 3 மில்லிமீட்டர் விலகினால் உண்மைப் பிழை அதில் பாதி, அதாவது 1.5 மில்லிமீட்டர். அதுவே 150 சென்டிமீட்டர் சட்டத்தில் 7.5 மில்லிமீட்டர் ஆகும். நான் மேலே கூறிய தறியின் கோணல் ஏறத்தாழ இதுவே.

மடக்குமட்டத்துக்கு இச்சோதனை ஒருமுறை போதாது. பத்து முறை மடக்கி விரித்தபின் மீண்டும் கோடு கிழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பிழை காட்டும் மட்டத்தை ஆசாரியார் ஒருவாறு சரிசெய்துகொள்ளக் கூடும். முறைக்கு ஒரு விடை கூறும் மட்டத்தைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள். வாங்கியபின் மாதம் ஒருமுறையும், கீழே விழுந்த அன்றும் இதே சோதனையைச் செய்தல் வேண்டும். கீலில் மரத்தூள் சேராமல் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுவது ஆயுளை நீட்டிக்கும்.

காரியதரிசிகள் பலர், குறைந்த விலைப்புள்ளியை விட்டால் தணிக்கையில் ஆட்சேபணை வருமே என்று அஞ்சுகிறார்கள். இரண்டு மட்டங்களையும் சோதித்த விவரத்தையும், ஒன்றைத் தள்ளிய காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எழுதாமல் விடுவதே ஆட்சேபணைக்கு இடம் தருகிறது. விலைப்புள்ளி கோரும்போதே ‘முக்கோண வகை, எஃகுப் புஷ், திருகும் கீல்’ என்று குறிப்பிட்டுவிட்டால் இத்தொல்லையும் இல்லை.

அச்சங்கத்தில் பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுக்க நிர்வாகக் குழு தீர்மானித்தது. தறிச் சட்டத்தைக் கழற்றி மூட்ட ஆசாரியாருக்கு ஒரு பகல் பிடித்தது. பழைய மட்டத்தைத் தள்ளுபடிக் கணக்கில் எழுதி, கீலைக் கழற்றிவிட்டார்கள். அதன் நீண்ட கை இப்பொழுது கோடு கிழிக்கும் சட்டமாகப் பயன்படுகிறது.