ஆட்டுத்தோலை மட்டமாகப் பேசாதே

பனவடலிசத்திரம்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறை மேஸ்திரி சொன்னதாக நீ எழுதியிருந்த வரி இரண்டு நாளாக மனசை அறுக்கிறது. "ஆட்டுத்தோல் பர்ஸுக்கும் கைப்பைக்கும்தான் லாயக்கு. ஷூ என்றால் மாட்டுத்தோல். தடிப்பு இருந்தால்தான் உழைக்கும்." நீயும் அதை நம்பிவிட்டு, 'உங்கள் ஊரில் இத்தனை ஆடு இருந்தும் நம் தொழிலுக்கு உதவாமல் போயிற்றே ஐயா' என்று எனக்காக வருத்தப்பட்டிருக்கிறாய். உன் வருத்தம் வேண்டாம். மேஸ்திரியின் கைவேலை மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தோலைப் பற்றி அவர் சொன்னது தவறு. இந்தத் தவறைச் சென்னையிலும் ஆம்பூரிலும் பலர் வாயால் கேட்டுச் சலித்துவிட்டேன்.

ஊறவைப்பது, சுண்ணாம்பு, பதனிடுதல் எல்லாம் உனக்குத் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாட்டுத்தோலின் வெட்டுமுகத்தை லென்ஸ் வைத்துப் பார். மேலே மயிர்க்கால்கள் உள்ள அடுக்கு, நீங்கள் கிரெய்ன் என்று சொல்வது. அதற்குக் கீழே நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் அடுக்கு. கிரெய்ன் கண்ணுக்கு அழகு. கிழியாமல் தாங்குவது கீழடுக்கின் பின்னல். வளர்ந்த மாட்டின் தோல் நாலு, ஐந்து மில்லிமீட்டர் தடிப்பு. ஷூவின் மேல்பாகத்துக்கு உனக்கு வேண்டியது 1.2 மில்லிமீட்டர். ஆகவே ஸ்பிளிட்டிங் இயந்திரத்தில் கொடுத்துச் சீவுகிறார்கள். எது போகிறது? கீழடுக்கில் பெரும்பகுதி போகிறது. மிஞ்சுவதில் பாதிக்கு மேல் கிரெய்ன்தான். தடித்த தோலிலிருந்து வந்தது என்ற பெயர் மட்டும் அதற்கு இருக்கிறது, தடித்த தோலின் வலு இல்லை.

ஆட்டுத்தோல் பிறவியிலேயே ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. அதைச் சீவ வேண்டியதில்லை, லேசாகச் சமன் செய்தால் போதும். பின்னல் முழுசாக உன் கைக்கு வருகிறது. நார்களும் மெலிசு, நெருக்கம் அதிகம். ஒரே தடிப்புள்ள இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்று சீவிய மாட்டுத்தோல், ஒன்று முழு ஆட்டுத்தோல், ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டு இழுத்துப் பார். அதன்பிறகு மேஸ்திரியிடம் பேசு. கன்றுத்தோலை உலகம் முழுக்க உயர்வாகச் சொல்வதற்கும் இது ஒரு காரணம். கன்றின் தோல் இயற்கையிலேயே மெலிசு, அதைப் பாதியாக அறுக்க வேண்டியதில்லை.

இந்த நாரைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. இளம் வயதில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கட்டுரை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்-கதிரில் படமெடுத்து, கொலாஜன் என்பது மூன்று இழைகள் சேர்ந்தது என்று சொன்னார்கள். மறு ஆண்டே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கிடக்கின்றன என்றார்கள். பிரான்சிஸ் கிரிக் நுணுக்கங்களில் மாறுபட்டார். மூன்று இழை என்ற அடிப்படை நின்றது. நம் ஊரில் பனைநாரை மூன்று புரியாக முறுக்கிக் கிணற்றுக் கயிறு திரிப்பார்கள் அல்லவா, அந்த ஏற்பாடுதான் உன் கையில் இருக்கும் ஒவ்வொரு தோல் துண்டிலும். கயிற்றின் வலு புரியிலும் முறுக்கிலும் இருக்கிறது. தோல் வேலை செய்கிறவன் எவனும் அந்தக் கட்டுரையின் சாரத்தையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. நம் சென்னையில் கண்டுபிடித்தது நம் பட்டறைகளுக்கு வந்து சேரவில்லை என்பது எனக்குத் தீராத மனக்குறை.

இனி எங்கள் ஊர் ஆடு. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் நீ எப்போதாவது வந்தால், உடைமரக் காட்டுக்குள் கருகருவென்று நெட்டையாக நிற்கும் ஆடுகளைப் பார்ப்பாய். கன்னி ஆடு. முகத்தில் கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. தென்மாவட்டங்களின் சொந்த இனம். இதன் தோல் இறுக்கமானது. இதே காட்டில் மேயும் கீழக்கரிசல் செம்மறியின் தோலை அதோடு சேர்த்து எடைபோடாதே. செம்மறித் தோலில் கொழுப்பு அதிகம், கிரெய்னும் கீழடுக்கும் ஒன்றையொன்று இறுகப் பிடிப்பதில்லை. எங்கள் பக்கத்துச் செம்மறி கம்பளிக்காக வளர்ப்பதல்ல, அதனால் குளிர்நாட்டுக் கம்பளி ஆட்டைவிட இதன் தோல் எவ்வளவோ தேவலை. இருந்தாலும் ஷூவுக்கு உள்பக்க லைனிங்காக வைத்துக்கொள், மேல்பாகத்துக்கு எடுக்காதே. மேஸ்திரி வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார் என்பது என் ஊகம். பலரும் அப்படித்தான் குழப்புகிறார்கள்.

ஆட்டுத்தோல் ஷூவுக்கு ஆகாது என்றால் பிலடெல்பியாவின் கதை என்ன ஆவது? நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884இல் குரோம் பதனிடுதலுக்குக் காப்புரிமை வாங்கினார். பெண்கள் இடுப்புக் கச்சையின் எஃகுக் கம்பிகளைத் துருப்பிடிக்க வைக்காத தோல் வேண்டும் என்று ஒருவர் கேட்டதில் பிறந்த முயற்சி அது. அந்த முறையைப் பிடித்துக்கொண்டு ராபர்ட் ஃபோர்டரர் பிலடெல்பியாவில் 'வீசி கிட்' என்ற பெயரில் செய்து விற்றது முழுக்க ஷூவுக்கான ஆட்டுத்தோல். இந்தியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்டுத்தோல் அமெரிக்காவுக்குப் போயிற்று. ஒரு தலைமுறை முழுதும் நாகரிகமான ஷூவை ஆட்டுத்தோலில்தான் போட்டுக்கொண்டது. நம் ஆட்டின் தோலுக்கு அங்கே இருந்த மதிப்பு, அதே ஆட்டை வளர்த்த நாட்டில் இல்லை.

குரோமா, மரப்பட்டையா என்று அடுத்துக் கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டும், வெவ்வேறு இடத்தில். மேல்பாகம் குரோமில் இருக்கட்டும். கொதிநீரின் சூட்டைக்கூடத் தாங்கும், மழையில் நனைந்து காய்ந்தாலும் விறைக்காது. ஆங்கிலேய அதிகாரி சாட்டர்டன் 1903 வாக்கில் சென்னையில் குரோம் பதனிடும் சோதனை தொடங்கியபோது மனதில் வைத்திருந்தவற்றில் ஒன்று கமலையில் தண்ணீர் இறைக்கும் தோல். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தாலும் அழுகாத தோல் சம்சாரிக்கு வேண்டியிருந்தது. பின்னால் வந்த குரோம் தோல் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர்.

ஆனால் காலைத் தொடும் பாகம், அதாவது லைனிங்கும் உள்ளங்காலுக்குக் கீழே வரும் இன்சோலும், பட்டைத் தோலாகத்தான் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குரோம் தோல் அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பிவிடும். பட்டைத் தோல் வியர்வையை வாங்கிக்கொண்டு, நாளடைவில் காலின் பள்ளமேட்டைத் தன்மேல் பதித்து வைத்துக்கொள்ளும். போட்டவனுக்கு ஆறு மாதத்தில் தெரியும் வித்தியாசம் இது.

பட்டை என்றால் எந்தப் பட்டை? எங்கள் தரிசில் கண்ட இடமெல்லாம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரம். பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூப் பறிக்கிறார்கள், சர்க்கரை வியாதிக்கு என்று தேநீர் போடுகிறார்கள். பட்டையை யாரும் நினைப்பதில்லை. அந்தப் பட்டையில் ஏறத்தாழ 18 சதவீதம் துவர்ப்பொருள் இருக்கிறது. தோலுக்குள் சீக்கிரம் இறங்கும், நாரைக் கடினமாக்காமல் நிறைக்கும். ஒரே குறை, வெயில் பட்டால் தோல் சிவக்கும். அதற்கும் நம் ஆட்கள் வழி வைத்திருந்தார்கள். ஆவாரத்தில் பதனிட்டு முடித்துக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைப்பார்கள், பிறகு எண்ணெய் ஏற்றுவார்கள். கடுக்காய் அந்தச் சிவப்பைத் தடுத்துவிடும். இந்த முறையில் திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் செய்த ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் லண்டன் வரை போய், அங்கே மறுபதனிட்டு ஷூவாகவும் புத்தக அட்டையாகவும் ஆயிற்று. புவிசார் குறியீடும் அதற்கு உண்டு. அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, மலிவு என்று எல்லோரும் அதற்கு மாறினார்கள். வாட்டில் மரத்தை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நட்டதில் மலைப் புல்வெளி அழிந்ததுதான் மிச்சம். வறண்ட நிலத்தில் தானாக வளரும் செடியைக் கைவிட்டு, மலைப் புல்வெளியைத் தின்னும் மரத்தைக் கொண்டுவந்ததை அறிவுள்ள செயல் என்று என்னால் சொல்ல முடியாது.

உடனே நீ வீட்டுக் கொல்லையில் தொட்டி கட்டிவிடாதே. பட்டைத் தண்ணீரும் வாய்க்காலில் விட்டால் நஞ்சுதான். இயற்கை முறை என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. தோல் கழிவால் பாலாறு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கழிவுநீரைப் பற்றிப் பலர் வாயே திறந்தார்கள். பதனிட்ட தோலை வாங்கு, தைப்பது மட்டும் உன் வேலை.

தோல் பதனிடும் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நின்றவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தொழிலில் இருக்காதே. டி. செல்வராஜ் திண்டுக்கல் தொழிலாளர்களை வைத்து எழுதிய 'தோல்' நாவலைப் படி. சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அவரும் நம் நெல்லைச் சீமைக்காரர். எங்கள் பக்கத்தில் சம்சாரிகளுக்குக் கமலைத் தோலும் செருப்பும் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்த அந்த மக்கள், தங்கள் காலில் செருப்புப் போட்டுக்கொண்டு மேல்சாதித் தெருவில் நடக்கக் கூடாது என்று வைத்திருந்த ஊர்கள் எத்தனையோ. இன்று நீ உயர்ந்த விலைக்கு விற்கும் கைத்தையல் அவர்கள் கையிலிருந்து வந்தது. வாடிக்கையாளர் கேட்டால் அதையும் சொல்.

வேலைக்கு வருவோம். ஓர் ஆட்டுத்தோல் நாலிலிருந்து ஆறு சதுர அடி வரும். ஒரு தோலுக்கு ஒரு ஜோடி என்று வைத்துக்கொள். இரண்டு ஷூவின் முன்பாகத்தையும் முதுகுத்தண்டுக் கோட்டின் இரு பக்கத்திலும் எதிரெதிராக வெட்டு. அப்போதுதான் இரண்டும் ஒரே மாதிரி சுருங்கும், ஒரே மாதிரி தேயும். முதுகு வாக்கில் தோல் அதிகம் நீளாது. அந்த வாக்கு விரல் நுனியிலிருந்து குதிகால் பக்கம் ஓட வேண்டும். வயிற்றுப் பக்கம் தொளதொளப்பு, அதை நாக்குக்கும் மறைவான இடத்துக்கும் ஒதுக்கு. வாங்கும்போது மேல்பக்கத்தை உள்ளே வைத்து விரல்மேல் மடக்கு. சுருக்கம் பொடிப்பொடியாக விழுந்தால் வாங்கு, குழாய் குழாயாக எழும்பினால் வைத்துவிடு. எங்கள் ஊர்த் தோலில் முள் கீறல் இருக்கும், அதற்கு முகம் சுளிக்காதே. கறிக்கடையில் கத்தி பட்ட ஓட்டைக்கும், நேரத்துக்கு உப்புப் போடாமல் விட்ட தோலுக்கும் முகம் சுளி. கையால் குத்தி உரித்து, தோலின் எடையில் 40 முதல் 50 சதவீதம் உப்பைச் சில மணி நேரத்துக்குள் போட்டுவிட்டால் நம் வெயிலுக்குக்கூடத் தோல் தாங்கும். தூத்துக்குடி உப்பளம் பக்கத்தில் இருந்தும் அதற்குச் சோம்பல்.

'அசல் தோல்' முத்திரை இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு ஒரே வரி. மாட்டுத்தோலைச் சீவியதில் கழிந்த கீழ்த்துண்டுக்கு மேலே பிளாஸ்டிக் பூச்சுப் போட்டாலும் அந்த முத்திரையைக் குத்தி விற்கிறார்கள். முத்திரையைப் பார்க்காதே, வெட்டு ஓரத்தைப் பார்.

அடித்தோலுக்கு மட்டும் தடிப்பு வேண்டும். பட்டையில் பதனிட்ட எருமைத்தோல், முதுகின் பின்பாதி, நாலைந்து மில்லிமீட்டர். கோலாப்பூர்ச் செருப்புக்காரர்கள் எருமையை விடாமல் வைத்திருப்பது சும்மா அல்ல. காட்டு வேலைக்குப் போகிறவனுக்கு பூட்ஸ் தைப்பதென்றால் மேல்பாகத்துக்கும் அதிகம் சீவாத மாட்டுத்தோலோ எருமைத்தோலோ எடு. கல்லும் முள்ளும் உரசும் இடத்தில் ஆட்டுத்தோல் நிற்காது. மற்றபடி, அலுவலகத்துக்கும் கல்யாணத்துக்கும் போட்டுக்கொண்டு நடக்கிற ஷூவுக்கு ஆட்டுத்தோலுக்கு மேல் ஒன்று வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்தை மேஸ்திரியிடம் காட்டு. அவருக்கு மறுப்பு இருந்தால் என் விலாசத்துக்கு எழுதச் சொல், பதில் போடுகிறேன். நீ அடுத்த ஜோடியை ஆட்டுத்தோலில் தைத்து, மழைக்காலம் முழுக்க நீயே போட்டுப் பார்.

அன்புடன்,
உன் ஆசிரியர்