ஒரு கைபேசியும் ஒரு குடும்பமும் – இணையப் பகிர்வு குறித்த ஓர் ஆய்வு

தோற்றுவாய்

கல்வி, கொடுக்கக் குறையாத செல்வம் என்பர் ஆன்றோர். அக்கல்வி இன்று வந்தடையும் வாயில்களுள் ஒன்றாகிய இணையமோ கொடுக்கக் கொடுக்கக் குறைவது. ஆதலின் அதனைப் பங்கிடும் முறையறிதல் மாணவர்க்கும் இல்லறத்தார்க்கும் ஒருங்கே இன்றியமையாததாகும். ஒரு திறன்பேசியின் இணைய இணைப்பை வீட்டிலுள்ள ஏனைய கருவிகளுக்கு வழங்கும் முறையையும், அதற்குரிய நெறிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

செயற்படும் திறம்

திறன்பேசி தனக்கு வரும் இணையத்தை ஒருபுறம் பெற்று, மறுபுறம் தானே ஒரு சிறு அலைபரப்பியாக நின்று பிறவற்றிற்கு அளிப்பதை 'ஹாட்ஸ்பாட்' என்பர். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2010ஆம் ஆண்டு வெளிவந்த 2.2 பதிப்பு முதல் இவ்வசதி அமைந்துள்ளது.

இணைகின்ற ஒவ்வொரு கருவிக்கும் கைபேசி ஓர் உள்முகவரியை வழங்குகிறது. எக்கருவி எதனைக் கேட்டது என்பதைக் குறித்துக்கொண்டு, வரும் விடையை உரிய கருவியிடம் சேர்க்கிறது. கூட்டுக் குடும்பத்திற்கு வரும் அஞ்சல்களையெல்லாம் வாசலில் வாங்கி, பெயர் பார்த்துக் கொடுக்கும் மூத்தவரின் பணிக்கு இதனை ஒப்பிடலாம்.

மூவகை வழிகள்

இப்பகிர்வு மூவகைப்படும். முதலாவது வைஃபை வழி. பல கருவிகள் ஒரே வேளையில் இணைய இதுவே ஏற்றது. எனினும் கைபேசியின் மின்கலம் விரைந்து தீரும். இரண்டாவது புளூடூத் வழி. மின்சாரம் குறைவாகச் செலவாகும், வேகமும் குறைவே. மூன்றாவது யுஎஸ்பி கம்பி வழி. ஒரு கணினிக்கு மட்டும் தேவையெனில் இதுவே சிறந்தது; கணினியிலிருந்து கைபேசிக்கு மின்னூட்டமும் கிடைக்கும்.

வைஃபையில் இரண்டு அலைவரிசைகள் பெரிதும் வழக்கிலுள்ளன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை, சுவர் கடந்து அடுத்த அறைக்கும் எட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவு மிக்கது. ஆயின் எட்டும் தொலைவு குறைவு.

அளவும் காவலும்

பகிர்வதனால் இணைப்பு பெருகுவதில்லை. உள்ள அளவே பிரிகிறது. நாளொன்றுக்கு 1.5 ஜிபி பெறும் இல்லத்தில், ஒருவர் காணும் உயர்தரக் காணொளியே அவ்வளவையும் விழுங்கிவிடக்கூடும். கணினியோ நாம் கேளாமலே தன் புதுப்பிப்புகளை இறக்கிக்கொள்ளும் இயல்புடையது. விண்டோஸ் கணினியில் அவ்விணைப்பை 'அளவுக்குட்பட்ட இணைப்பு' எனக் குறித்துவைத்தால் இவ்விரயம் பெரிதும் குறையும்.

கடவுச்சொல்லின்றித் திறந்துவைத்தல் கதவின்றி வீடு கட்டுதலை ஒக்கும். அயலார் செய்யும் தவறும் நம் இணைப்பின் பெயரிலேயே பதியும். எட்டு எழுத்திற்குக் குறையாத, எளிதில் ஊகிக்கவியலாத கடவுச்சொல் வேண்டும். கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்தல் ஆகாது. பயன் முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடல் நன்று.

பங்கீட்டின் அறம்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்விக்கூடங்கள் மூடப்பட்டன. பின்னர்ப் பாடங்கள் இணையவழி நடைபெற்றன. ஒரே கைபேசியுள்ள இல்லங்களின் இடர் அப்போது வெளிப்பட்டது. தந்தை பணிக்குப் புறப்பட்டால் இணைப்பும் உடன் புறப்பட்டது. வீட்டிலிருந்த வேளையிலும் அண்ணனுக்கே முதலிடம் என்றால் தங்கையின் பாடம் நின்றது. சிம் அட்டையற்ற பழைய கைபேசியும் ஹாட்ஸ்பாட்டின் துணையால் பாடங்கேட்கும் கருவியாகும் என்பதை அறிந்த இல்லங்களில் இருவரும் பயில வழி பிறந்தது. ஆயினும் கருவி வழி திறக்குமேயன்றி, யாருக்கு முதலில் என்பதைத் தீர்மானிப்பதில்லை. அத்தீர்ப்பு பெரியோர் கையிலேயே உள்ளது.

முடிவுரை

இணையப் பகிர்வு ஒரு தொழில்நுட்பம் மட்டுமன்று. அது ஒரு குடும்ப நெறியுமாம். அளவறிந்து வழங்குதல், காவலுடன் வழங்குதல், பொழுதுபோக்கிற்கு முன் பாடத்திற்கு வழங்குதல், ஆண் பெண் வேறுபாடின்றி வழங்குதல் ஆகிய நான்கும் பேணப்படின், ஒரு கைபேசியே ஒரு வீட்டின் கல்விக்கூடமாகும் எனத் துணியலாம்.